‘இவி-ல இதெல்லாம் நார்மல் மேடம்!’: மின்சார காரில் விநோத சத்தம் வந்தால் டீலரை சரிசெய்ய வைப்பது எப்படி?

மின்சார கார் வாங்கி எட்டு மாதம். இ.எம்.ஐ. மாதா மாதம் சரியாகப் போகிறது. பெட்ரோல் பங்க் பக்கம் போயே நாளாச்சு. எல்லாம் நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த ‘டக்’ சத்தம் வரும் வரை.

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. வேலை பார்க்கும் ஒரு பெண். ஞாயிற்றுக்கிழமை அப்பாவை ஏற்றிக்கொண்டு போகிறார். ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கியதும் முன்பக்கம் ‘டக்’. “ஏம்மா, முன்னாடி ஏதோ தட்டுதே?” என்கிறார் அப்பா. “எனக்கும் கேட்குதுப்பா, நாளைக்கு சர்வீஸ்ல காட்டிடுறேன்” என்கிறார் மகள்.

சர்வீஸ் சென்டரில் காரை விடுகிறார். மாலையில் போன் வருகிறது: “மேடம், செக் பண்ணிட்டோம். ஒண்ணும் இல்ல. இன்ஜின் சத்தம் இல்லாததால உங்களுக்குக் கேட்குது. இவி-ல இதெல்லாம் நார்மல்.”

காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். முதல் ஸ்பீட் பிரேக்கர். மறுபடியும் ‘டக்’.

மின்சார கார் வைத்திருக்கும் பலருக்கும் பழக்கமான காட்சிதான் இது. ‘நார்மல்’ என்ற அந்த ஒற்றை வார்த்தையில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியில்தான் பிரச்சினையே. எது சாதாரண சத்தம், எது பழுதின் அறிகுறி, டீலரிடம் எப்படிப் பேசினால் வேலை நடக்கும், நடக்காவிட்டால் அடுத்து எங்கே போவது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இன்ஜின் இல்லாத காரில் சத்தம் ஏன் அதிகமாகக் கேட்கிறது?

பெட்ரோல், டீசல் காரில் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சல் ஒரு போர்வை மாதிரி. டயர் உரசுவது, டேஷ்போர்டு பிளாஸ்டிக் கிரீச்சிடுவது, சஸ்பென்ஷன் தட்டுவது எல்லாம் அதற்குள் அமுங்கிவிடும். மின் காரில் அந்தப் போர்வை கிடையாது. ஆகவே, பெட்ரோல் காரிலும் இருக்கும் அதே சின்னச் சின்ன சத்தங்கள் இங்கே பளிச்சென்று கேட்கின்றன. சர்வீஸ் அட்வைசர் சொல்வதில் உண்மை இருக்கிற இடம் இதுதான்.

அவர் சொல்லாமல் விடுகிற விஷயங்களும் இரண்டு உண்டு. முதலாவது, எடை. மின் காரின் தரைப் பகுதியில் சில நூறு கிலோ எடையுள்ள பேட்டரி உட்கார்ந்திருக்கிறது. அந்த எடையையும் சேர்த்து ஒவ்வொரு பள்ளத்திலும் தாங்குவது சஸ்பென்ஷனும் அதிலுள்ள ரப்பர் புஷ்களும்தான். இரண்டாவது, இழுவிசை. மின் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு விசையைக் கொடுக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ரீஜென் பிரேக்கிங் எதிர்த் திசையில் இழுக்கும். ஆக்ஸில், அதன் ஜாயின்ட்கள், மோட்டார் மவுன்ட்கள் எல்லாம் நாள் முழுக்க இப்படி முன்னும் பின்னுமாக இழுபடுகின்றன. எங்காவது தளர்வு இருந்தால் அது சத்தமாக வெளியே வரும்.

எனவே ‘சத்தம் கேட்கிறது’ என்பதும் ‘சத்தத்துக்குக் காரணம் இருக்கிறது’ என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

இவையெல்லாம் உண்மையிலேயே நார்மல்

சர்வீஸ் சென்டருக்கு ஓடுவதற்கு முன் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

• காரை ஆன் செய்யும்போதும் ஆஃப் செய்யும்போதும் ‘டிக்’ அல்லது ‘டொக்’: உயர் மின்னழுத்த பேட்டரியை இணைக்கும், துண்டிக்கும் சுவிட்சுகளின் சத்தம். கான்டாக்டர் என்று பெயர்.

• சார்ஜ் ஏறும்போது ஃபேன் ஓடுவது, ‘உர்ர்’ என்ற சத்தம்: பேட்டரியைக் குளிர்விக்க பம்ப், ஃபேன், ஏசி கம்ப்ரஸர் வேலை செய்கின்றன. நம்ம ஊர் மே மாதத்தில் ஃபாஸ்ட் சார்ஜிங் போட்டால் நன்றாகவே இரையும்.

• மெதுவாகப் போகும்போது மெல்லிய ஹம்: பாதசாரிகளை எச்சரிக்க ஸ்பீக்கர் மூலம் வேண்டுமென்றே எழுப்பப்படும் செயற்கை ஒலி. இதற்கான ஐ.நா. விதிமுறையின்படி மணிக்கு 20 கி.மீ. வேகம் வரை இந்த ஒலி வர வேண்டும். ஐரோப்பாவில் 2021 ஜூலை முதல் எல்லாப் புதிய மின் கார்களுக்கும் இது கட்டாயம். இந்தியாவில் விற்கும் பல மாடல்களிலும் இந்த வசதி இருக்கிறது.

• மழைக்குப் பிறகு காலையில் முதல் சில பிரேக்குகளில் ‘சர்ர்’: ரீஜென் இருப்பதால் மின் காரில் வழக்கமான பிரேக்குக்கு வேலை குறைவு. டிஸ்க்கில் லேசாகத் துரு படியும். நான்கைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும். போகவில்லை என்றால் காட்ட வேண்டும்.

• வேகம் எடுக்கும்போது மெல்லிய ‘ஈஈ’ ஒலி: மோட்டாரும் கியரும் எழுப்புவது. முதல் நாளிலிருந்தே ஒரே அளவில் இருந்தால் கவலை இல்லை. நாளுக்கு நாள் கூடினால் கவனிக்க வேண்டும்.

கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் இருக்கிறதா என்பதைவிட, அது மாறியிருக்கிறதா என்பதுதான் முக்கியமான கேள்வி. நேற்று இல்லாதது இன்று வந்தால், அதற்குப் பின்னால் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது.

எப்போது வருகிறது? பாதி விடை அதிலேயே இருக்கிறது

‘ஏதோ சத்தம் வருது’ என்று சொன்னால் மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. ‘எப்போது வருகிறது’ என்று சொன்னால் தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும்.

பள்ளம், ஸ்பீட் பிரேக்கரில் மட்டும்: சஸ்பென்ஷன் பக்கம் சந்தேகம். லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுன்ட், ஷாக் அப்சார்பர். சில நேரம் காருக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் கவரின் கிளிப் கழன்றிருக்கும். சாலை மட்டத்தைவிட உயர்ந்து நிற்கும் ஸ்பீட் பிரேக்கர்களில் அடி தட்டினால் இது நடக்கும்.

வேகம் கூடக் கூட ‘ஊம்ம்’ என்று கூடும், ஆக்சிலரேட்டரை விட்டாலும் நிற்காது: டயர் அல்லது வீல் பேரிங். சாலை மாறினால் (தார் சாலையிலிருந்து கான்கிரீட்) சத்தம் மாறுகிறதா? டயராக இருக்க வாய்ப்பு அதிகம். வளைவில் திரும்பும்போது ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைகிறதா? பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது ‘கட கட’: ஆக்ஸிலின் சி.வி. ஜாயின்ட் அல்லது ஸ்ட்ரட் மவுன்ட்.

ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றி நகரும்போது ஒரே ஒரு ‘டக்’: ஆக்ஸில் வீல் ஹப்பில் சேரும் இடம் அல்லது மோட்டார் மவுன்ட். விசையின் திசை மாறும் நொடியில் தளர்வு வெளிப்படுகிறது.

ரீஜென் அளவைக் கூட்டினால் வருகிறது, குறைத்தால் போகிறது: மோட்டார், கியர், ஆக்ஸில் வரிசை. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பேட்டரி 100 சதவீதத்தை ஒட்டி இருந்தால் பெரும்பாலான கார்களில் ரீஜென் குறைவாகவே வேலை செய்யும். காரை முழு சார்ஜ் போட்டு சர்வீஸுக்குக் கொண்டுபோனால் அன்றைக்குப் பார்த்து சத்தமே வராது. 60, 70 சதவீதத்தில் கொண்டுபோவது நல்லது.

ஏசி போட்டால் மட்டும், அல்லது நின்றுகொண்டிருக்கும்போதும்: கம்ப்ரஸர், ஃபேன், கூலன்ட் பம்ப்.

இது வந்தால் ஓட்டவே வேண்டாம்

சில சத்தங்களுக்கு ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ கிடையாது. ‘பட்’ என்று பெரிதாக வெடித்த மாதிரி ஒரு சத்தம், கூடவே டேஷ்போர்டில் எச்சரிக்கை; சத்தத்தோடு ஸ்டீயரிங் ஆடுவது; ஒரு சக்கரத்திலிருந்து தாளம் போட்டு வரும் தட்டல் வேகமாகக் கூடுவது; பிரேக் பிடிக்கும்போது இரும்பும் இரும்பும் உரசும் சத்தம்; எரியும் வாடை. இவற்றில் எது வந்தாலும் ஓரமாக நிறுத்தி, ரோட்சைடு அசிஸ்டன்ஸை அழைத்து, டோ செய்து கொண்டுபோகச் சொல்லுங்கள். ‘மெதுவா ஓட்டிட்டு வந்துடுங்க சார்’ என்று போனில் சொன்னால், அதை மெசேஜாக அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் அனுப்ப மாட்டார்கள். டோ வண்டி வந்துவிடும்.

டீலர் ஏன் ‘நார்மல்’ என்கிறார்?

எல்லா டீலர்களும் ஏமாற்றுகிறார்கள் என்பதல்ல விஷயம். வாரன்டி வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் காரணம் புரியும்.

வாரன்டியில் பாகம் மாற்றினால் அதற்கான பணத்தை டீலர் உங்களிடம் வாங்க மாட்டார். கார் நிறுவனத்திடம் கிளெய்ம் போட்டு வாங்குவார். அந்த கிளெய்மில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: புகார் என்ன, காரணம் என்ன, என்ன செய்து சரிசெய்தீர்கள். இந்த வேலைக்கு இத்தனை மணி நேரம் என்று நிறுவனம் முன்பே கணக்கு வைத்திருக்கும்.

பேட்டரியிலோ சார்ஜரிலோ கோளாறு என்றால் கம்ப்யூட்டரை இணைத்தவுடன் ஃபால்ட் கோடு வந்துவிடும். கிளெய்ம் போடுவது எளிது. ஆனால் ‘டக்’ சத்தத்துக்கு ஃபால்ட் கோடு கிடையாது. யாராவது ஒருவர் அரை நாள் காரை ஓட்டி, லிப்டில் ஏற்றி, ஒவ்வொரு போல்ட்டாகப் பார்க்க வேண்டும். கடைசியில் காரணம் கிடைக்காவிட்டால் அந்த அரை நாள் உழைப்புக்குப் பணம் வாங்குவது கஷ்டம். வெளியே இன்னும் இருபது கார்கள் காத்திருக்கின்றன. அந்த நேரத்தில் ‘நார்மல்’ என்பதுதான் எல்லோருக்கும் சுலபமான பதில்.

ஆக, கத்தி சண்டை போடுவதைவிட, மெக்கானிக்கின் தேடும் நேரத்தை நீங்கள் குறைத்துக் கொடுப்பதுதான் முதல் உத்தி. சத்தத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தால் மறுக்க முடியாது.

முதல் வேலை: சத்தத்தைப் பிடியுங்கள்

ஒரு வாரம் போனில் குறிப்பு எழுதுங்கள். தேதி, நேரம், ஓடோமீட்டர், வேகம், சாலை, மழையா வெயிலா, பேட்டரி சதவீதம், ரீஜென் அளவு, ஏசி ஆனா ஆஃபா, காரில் எத்தனை பேர். பார்க்க வெட்டி வேலை மாதிரி இருக்கும். ஆனால் ஏழாவது நாள் அந்தக் குறிப்பைப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். ‘காலையில் முதல் ஐந்து கிலோமீட்டர் மட்டும்’, ‘பின்சீட்டில் ஆள் இருந்தால் மட்டும்’ என்பது மாதிரி.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். வேகம் காட்டும் திரை தெரிய வேண்டும். சத்தம் வரும்போது ‘இப்போ’ என்று சொல்ல வேண்டும். ஓட்டுபவர் போனைத் தொடக் கூடாது. ஒரு எச்சரிக்கை: போன்கள் பேச்சுக் குரலைத் தெளிவாக்குவதற்காகப் பின்னணி ஒலிகளைக் குறைத்துவிடும். நேரில் கேட்கும் ‘ஊம்ம்’ வீடியோவில் காணாமல் போகலாம். அதனால் வீடியோ ஒரு துணைச் சான்று மட்டுமே.

கிளம்புவதற்கு முன் காரைக் காலி செய்யுங்கள். டிக்கியில் உருளும் தண்ணீர் பாட்டில், கதவுப் பையில் கிடக்கும் சில்லறை, சீட்டுக்கு அடியில் குடை, லூசாகக் கிடக்கும் சார்ஜிங் கேபிள். மர்ம சத்தங்களில் சில இங்கேயே தீர்ந்துவிடும். டயர் காற்றழுத்தத்தையும் சரிபார்த்துவிடுங்கள். அப்போதுதான் ‘காத்து அதிகமா இருந்துச்சு சார்’ என்று சொல்லி அனுப்ப முடியாது.

ஜாப் கார்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள்.

கார் உள்ளே போகும்போது சர்வீஸ் அட்வைசர் ஜாப் கார்டு போடுவார். நீங்கள் பத்து நிமிடம் விளக்கியது அங்கே ‘ஜெனரல் செக்கப்’ அல்லது ‘நாய்ஸ் செக்’ என்று இரண்டு வார்த்தையாகிவிடும். உள்ளே வேலை பார்க்கும் டெக்னீஷியன் உங்களைப் பார்த்ததே இல்லை. அவருக்குத் தெரிவது அந்த இரண்டு வார்த்தைதான்.

அதனால் முழு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். ‘20 முதல் 30 கி.மீ. வேகத்தில் ஸ்பீட் பிரேக்கர் இறங்கும்போது முன் வலது பக்கம் ஒற்றை டக் சத்தம், ஓடோமீட்டர் 9,200, மூன்று வாரமாக’. டேப்லட்டில் டைப் செய்தால் திரையைக் காட்டச் சொல்லிப் படித்துவிட்டு கையெழுத்துப் போடுங்கள். நகல் கட்டாயம் வாங்குங்கள்.

காரைத் திரும்ப எடுக்கும்போதும் அதே கதைதான். ‘ஒண்ணும் இல்ல’ என்று வாயால் சொன்னால் போதாது. ‘சோதித்தோம், சத்தம் வரவில்லை’ என்றோ, ‘சத்தம் வந்தது, இது இந்த மாடலின் இயல்பு’ என்றோ பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டும் வேறு வேறு பதில்கள். முதல் பதில் வந்தால் அடுத்த முறை சத்தத்தை வரவழைத்துக் காட்ட வேண்டும். இரண்டாவது வந்தால், கார் நிறுவனமே அப்படிச் சொல்கிறதா என்று கேட்க வேண்டும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? எட்டாவது மாதத்தில் வந்த சத்தம், வாரன்டி முடிந்த மறு மாதம் பெரிய செலவாக மாறினால், ‘வாரன்டி காலத்திலேயே சொன்னேன்’ என்று நிரூபிக்க அந்தக் காகிதம் மட்டும்தான் இருக்கும். பல நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரன்டி தருகின்றன. ஆனால் சஸ்பென்ஷன் புஷ், பிரேக் பேட் மாதிரி தேயும் பாகங்களுக்கு மிகக் குறைந்த காலமே கிடைக்கும். வாரன்டி புத்தகத்தில் அந்தப் பக்கத்தை இன்றே படித்துவிடுங்கள்.

‘கூட வாங்க, ஓட்டிக் காட்டுறேன்’

சத்தம் தொடர்பான புகாரில் அதிகம் பலன் தருவது இதுதான். காரை விட்டுவிட்டு வராமல், டெக்னீஷியன் அல்லது ஃபோர்மேனுடன் சேர்ந்து டெஸ்ட் டிரைவ் போகக் கேளுங்கள். சனிக்கிழமை கூட்டத்தில் இது நடக்காது. வார நாளில், முன்கூட்டியே சொல்லி நேரம் வாங்குங்கள். ஒர்க்‌ஷாப்பைச் சுற்றியுள்ள சாலை வழவழவென்று இருந்தால் பயனில்லை. சத்தம் வரும் சாலையைப் போல ஒன்றை முன்பே பார்த்து வையுங்கள்.

காலையில் மட்டும் வரும் சத்தம் என்றால், முந்தைய நாள் மாலையே காரை விட்டுவிட்டு, காலையில் முதல் ஓட்டம் நீங்கள் இருக்கும்போது நடக்க வேண்டும் என்று கேளுங்கள். சந்தேகமுள்ள பாகங்களில் சின்ன மைக்குகளைப் பொருத்தி, ஓட்டிக்கொண்டே எந்தப் பாகத்தில் சத்தம் என்று கேட்கும் கருவிகள் உண்டு. ‘அது இருக்கா?’ என்று கேட்பதில் தப்பில்லை.

அப்படியும் ‘நார்மல்’ என்றால் அடுத்த கேள்வி: “இதே மாடல் டெமோ கார்ல, இதே ரோட்ல ஒரு ரவுண்டு போலாமா?” டெமோ காரில் சத்தம் வராவிட்டால் விவாதம் முடிந்தது. அதிலும் வந்தால், அது வடிவமைப்பின் இயல்பாக இருக்கலாம். அந்த மாடல் முழுக்க இருக்கும் பிரச்சினையாகவும் இருக்கலாம். அப்போது ‘நிறுவனத்திடமிருந்து இதற்கு டெக்னிக்கல் சர்வீஸ் புல்லட்டின் வந்திருக்கிறதா?’ என்று கேளுங்கள். அறிந்த கோளாறுகளை எப்படிச் சரிசெய்வது என்று நிறுவனங்கள் டீலர்களுக்கு அனுப்பும் குறிப்பு அது. அமெரிக்காவில் இந்தப் புல்லட்டின்களை அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பிடம் நிறுவனங்கள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த அமைப்பின் இணையதளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். உங்கள் மாடல் அங்கேயும் விற்கப்படுகிறது என்றால் ஒரு பத்து நிமிடம் தேடுவது வீண் போகாது.

‘பாப்’ என்றொரு சத்தம்: புகார்கள் சேர்ந்தபோது நடந்தது

ஒரு சத்தத்தை ஏன் எழுத்தில் பதிய வேண்டும் என்பதற்கு உண்மையான உதாரணம் ஒன்று உண்டு.

ஹூண்டாய் அயோனிக் 5 காரின் அமெரிக்க உரிமையாளர்கள் சிலர், ஓடும்போது ‘பாப்’ என்று பெரிய சத்தம் கேட்டதாகவும், உடனே டேஷ்போர்டில் எச்சரிக்கை வந்து கார் இழுவையை இழந்ததாகவும் புகார் அளித்தார்கள். 2023 ஜூனில், 30 புகார்களின் அடிப்படையில் அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பு விசாரணையைத் தொடங்கியது. காரணம், ஐ.சி.சி.யு. என்ற சார்ஜிங் கட்டுப்பாட்டுப் பாகம். பெரிய பேட்டரியிலிருந்து சின்ன 12 வோல்ட் பேட்டரிக்கு சார்ஜ் கொடுப்பதும் அதன் வேலை. அது பழுதானால் 12 வோல்ட் பேட்டரி காலியாகி, ஓடும் கார் நின்றுபோகலாம்.

2024 மார்ச்சில் அமெரிக்காவில் ஹூண்டாய், ஜெனசிஸ் மின் கார்கள் 98,878 திரும்ப அழைக்கப்பட்டன. அதே ஆண்டு ஜூனில் இந்தியாவிலும் 1,744 அயோனிக் 5 கார்கள் இதே பாகத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன.

நிறுவனமே முன்வந்து சரிசெய்யும் நிலைக்குக் கொண்டுவந்ததில் அந்த 30 பேர் எழுதிப் பதிவு செய்ததற்குப் பெரிய பங்கு உண்டு. இந்தியாவிலும் 2019 மோட்டார் வாகன சட்டத் திருத்தம், ஆபத்தான குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்திருக்கிறது. குறிப்பிட்ட அளவு உரிமையாளர்களின் புகார்கள் சேர்வதும் அதற்கு ஓர் அடிப்படை. அதாவது, நீங்கள் பதிவு செய்யும் புகார் உங்கள் காருக்கு மட்டுமானது அல்ல.

இரண்டு முறை போயும் தீரவில்லையா? படிப்படியாக மேலே போங்கள்

1. சர்வீஸ் மேனேஜர்: இரண்டு ஜாப் கார்டு நகல்களோடு நேரில் பாருங்கள். கோபம் வேண்டாம். ‘இதுவரை இரண்டு முறை, ஒரே புகார்’ என்ற வரியே போதும்.

2. கார் நிறுவனத்தின் கஸ்டமர் கேர்: போனில் பேசினாலும், டிக்கெட் எண் வாங்கி அதே நாளில் மின்னஞ்சலும் அனுப்புங்கள். அந்தப் பகுதிக்கான நிறுவனத்தின் சர்வீஸ் பொறியாளர் காரை நேரில் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். டீலர் ‘முடியாது’ என்றதை ‘முடியும்’ ஆக்கும் அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது.

3. வேறு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்: வாரன்டி பொதுவாக நிறுவனத்துடையது, காரை விற்ற டீலரிடமே போக வேண்டிய கட்டாயம் இல்லை. பல சமயம் புதிய காது பழைய சத்தத்தைக் கண்டுபிடித்துவிடும்.

4. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915: கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம். 8800001915 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பிலும் புகார் அனுப்பலாம். இது நீதிமன்றம் அல்ல. புகாரை நிறுவனத்திடம் கொண்டுபோய் பதில் வாங்கித் தரும்.

கடைசிப் படி: நுகர்வோர் ஆணையம்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, காருக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். கார் எந்த ஊரில் வாங்கியதாக இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்ய முடியும். 10 முதல் 20 லட்சம் ரூபாய் வரையிலான காருக்குக் கட்டணம் 400 ரூபாய்; 20 முதல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய். 2025 ஜனவரியில் தொடங்கப்பட்ட இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். வக்கீல் வைப்பது கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

டீலர், தயாரிப்பு நிறுவனம் இருவரையுமே எதிர்தரப்பாகச் சேர்ப்பது நல்லது. இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கை காட்டிவிடுவார். பரிசோதனை இல்லாமல் குறைபாட்டை முடிவு செய்ய முடியாது என்றால், ஆணையம் அதைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பலாம். வழக்கை 3 மாதத்தில், ஆய்வு தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் கூடுதல் காலம் பிடிக்கலாம்.

எதைக் கேட்பது என்பதிலும் யதார்த்தம் வேண்டும். வாரன்டி நிபந்தனை பழுதான பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவது என்று மட்டும் இருக்கும்போது, முழு காரையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று 2006-ல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ‘புது கார் வேணும்’ என்பதைவிட, ‘காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும், அலைந்ததற்கு இழப்பீடு வேண்டும்’ என்பது வலுவான கோரிக்கை.

இன்னொரு விஷயம். அலுவலகம் மூலம் லீஸில் எடுத்த கார் என்றால் பதிவு லீஸ் நிறுவனத்தின் பெயரிலோ அலுவலகத்தின் பெயரிலோ இருக்கலாம். முதல் மின்னஞ்சலிலேயே அவர்களையும் சேர்த்துவிடுங்கள். பின்னால் ‘நீங்க ஓனரே இல்லையே’ என்ற பேச்சு வராது.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

• வெளி மெக்கானிக்கிடம் ஆரஞ்சு நிற கேபிள் பக்கம் கை வைக்க விடாதீர்கள். அது உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம். வாரன்டி போவது அதற்கு அடுத்த கவலை.

• ரப்பர் புஷ்களில் ஸ்ப்ரே, கிரீஸ் அடித்து சத்தத்தை அடக்காதீர்கள். சில நாள் சத்தம் மறையும். அந்த நேரத்தில் டீலரிடம் போனால் காட்ட எதுவும் இருக்காது. சில ஸ்ப்ரேக்கள் ரப்பரையே கெடுக்கும்.

• பாட்டு சத்தத்தைக் கூட்டி வைத்து ஓட்டிப் பழகிவிடாதீர்கள். மாத்திரை போட்டு காய்ச்சலை மறைப்பது மாதிரிதான் அது.

• சர்வீஸ் அட்வைசரை எதிரியாக நினைக்காதீர்கள். உங்கள் காரை டெக்னீஷியனிடம் கொண்டுபோகும் ஒரே ஆள் அவர்தான்.

மறுபடியும் அந்த ஓ.எம்.ஆர். பெண்ணிடம் வருவோம். இந்த முறை அவர் புதன்கிழமை காலை போகிறார். பேட்டரி 65 சதவீதம். டிக்கி காலி. கையில் ஒரு வாரக் குறிப்பு. கூட அப்பா. ஃபோர்மேன் பக்கத்து சீட்டில் ஏறுகிறார். மூன்றாவது ஸ்பீட் பிரேக்கரில் ‘டக்’. யாரும் எதுவும் சொல்லவில்லை.

“திரும்பி ஒருவாட்டி போங்க மேடம்” என்கிறார் ஃபோர்மேன். மறுபடியும் ‘டக்’. கண்ணாடியை இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டிக் கேட்கிறார். “முன் வலது பக்கம். லிங்க் ராட் மாதிரி தெரியுது. லிப்ட்ல ஏத்திப் பாத்துடலாம்.”

முதல் முறை வந்ததும் இதே கார், இதே சர்வீஸ் சென்டர்தான். இந்த முறை ஜாப் கார்டில் ‘நாய்ஸ் செக்’ என்று இல்லை. எந்த வேகத்தில், எந்தப் பக்கம், எப்போது என்று மூன்று வரி இருக்கிறது.